பின்சீட்டுப் பெட்டி

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துகொள்ளுங்கள், தம்பி. எனக்குக் காற்று வேண்டியதில்லை. மடியில் என்ன, மிக்ஸியா? தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கா? நல்லது. அதைக் காலுக்கடியில் வையுங்கள், தொண்டி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டிருந்தால் தொடை மரத்துப்போகும்.

நான் இந்த பஸ்ஸில் வரவேண்டிய ஆளே இல்லை. இன்று விடியற்காலையில் ராமநாதபுரத்திலிருந்து செங்கொடி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று இதே ரோட்டில் போயிருக்கும். உயரமான வண்டி. ஒரு பெண் ஓட்டுகிறாள். இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி, பின்சீட்டின் மேல் மூன்றாவதாக ஒரு கறுப்புப் பெட்டி. அந்த மூன்றாவது பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, அது என்னுடைய இடம்.

இந்தாருங்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள். விலை கிடையாது. 'உப்பும் உழைப்பும்: ஒரு விளக்கம்.' தொண்ணூற்றாறு பக்கம். எழுதியவர் பெயர் கீழே இருக்கிறது பாருங்கள், சுடரோன், அது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சுடலைமாடன். இருபது வயதில் மாற்றிக்கொண்டேன். ரேஷன் கார்டு மட்டும் இன்னும் மாறவில்லை. படியுங்கள். புழுக்கமாக இருந்தால் விசிறிக்கொள்ளுங்கள், அதுவும் பரவாயில்லை. சுருட்டாதீர்கள், அட்டை மடங்கிவிடும்.

இந்த போன் அடிக்கிறது. அடிக்கட்டும். அவள்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். உப்பளச் சங்கம் எங்களுடையது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் துண்டுப்பிரசுரம். நடுவில் பக்கம் கிழிந்துபோன பிரசுரத்தைக்கூட விடமாட்டேன், கிழிந்த பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று நானே யோசித்து நிரப்பிக்கொள்வேன். பல சமயம் அச்சில் இருந்ததைவிட நான் நிரப்பியது நன்றாக இருக்கும். இதை நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

நாற்பது வருஷமாகப் பிரச்சாரப் பயணம் என்றால் நான் இல்லாமல் கிளம்பியது கிடையாது. முதலில் சைக்கிள். பிறகு யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரு மொபெட். பிறகு மோட்டார் சைக்கிளின் பின்சீட்டு. எனக்கு ஓட்டத் தெரியாது, தம்பி. ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் தெரியும், பின்னால் இருப்பவனுக்குத்தான் ஊர் தெரியும். அதனால் நான் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த வருஷப் பயணம் தூத்துக்குடியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும். ஒவ்வொரு உப்பளமாக நின்று நின்று போகிறது. கோரிக்கை ஒன்றும் பெரிதில்லை. பாத்திக்குப் பக்கத்தில் குடிதண்ணீர் வேண்டும், ஒதுங்கி நிற்க ஒரு நிழற்கூரை வேண்டும். நீங்கள் உப்பளத்துக்குள் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். மேலேயும் வெயில், கீழேயும் வெயில். வெள்ளை உப்பிலிருந்து திரும்பி வருகிற வெயில் இருக்கிறதே, அது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மரம் இருக்காது. உப்பு மண்ணில் எந்த மரம் வளரும்?

வண்டி ஓட்டுகிறவள் ஜெனோவா. இப்போது அவள்தான் செயலாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. மேடையில் என்னைத் தோழர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். டீக்கடையில் அண்ணாச்சி என்பாள். இரண்டு வருஷமாக எங்கே பார்த்தாலும் ஐயா. சங்கத்தில் ஒருவனை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் என்ன அர்த்தம் தெரியுமா? நாற்காலி போடு, டீ கொடு, மைக்கைக் கொடுக்காதே என்று அர்த்தம்.

ஆனால் பின்சீட்டு எனக்குத்தான் என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவளே முன்மொழிந்தாள். "ஐயா பின்னால உக்காந்து வந்தாத்தான் சனம் வண்டியப் பாக்கும்" என்றாள். பெட்டி மாட்டுகிற இடத்தில்தான் எல்லாம் மாறியது.

பாளையங்கோட்டை ரோட்டில் சித்திரைவேல் என்று ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான். லடாக் போகிறேன், நேபாளம் போகிறேன் என்று கிளம்புகிற பையன்களுக்குப் பெட்டி மாட்டிக் கொடுப்பது அவன் தொழில். வாய் ஓயாது. கையில் ஸ்பேனர் இருக்கும், காதில் போன் இருக்கும், அரசியல் என்றால் எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி கொட்டாவி விடுவான். ஜெனோவா வண்டியை அவனிடம்தான் விட்டிருந்தாள். நானும் போனேன். என்னுடைய புத்தகம் போகிற பெட்டி, நான் பார்க்க வேண்டாமா?

வண்டியின் இரண்டு பக்கமும் ஒரு இரும்புச் சட்டம் வரும். கால்மிதிக்கு மேலே ஒரு போல்ட், சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட், பின்னால் இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி. பெட்டி அந்தச் சட்டத்தில் போய் உட்காரும். சாவியைத் திருப்பினால் கையோடு வந்துவிடும், சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். சித்திரைவேல் செய்து காட்டினான். "பாருங்க அண்ணாச்சி, கழட்டு. மாட்டு. கழட்டு. மாட்டு." குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி.

"இதை எதற்கு இவ்வளவு சுலபமாகக் கழற்ற வேண்டும்?" என்று கேட்டேன்.

"கூட்டம் நடக்குற இடத்துக்குப் பெட்டிய மட்டும் தூக்கிட்டுப் போலாம் ஐயா. வண்டி வரப்புல இறங்காது" என்றாள் ஜெனோவா.

நான் ஒரு விஷயம் சொன்னேன். ஒரு தடவை ஒரு ஊரில் எங்கள் பிரசுரத்தைப் பறிமுதல் செய்யப் போலீஸ் வந்தது. பிரசுரம் ஒரு டின் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை நான் கயிறு போட்டு வண்டியோடு கட்டியிருந்தேன். முடிச்சுக்கு மேல் முடிச்சு. அதை அவிழ்க்க இரண்டு போலீஸ்காரர்களுக்கு அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் நான் பேசினேன். ஊரே கூடிவிட்டது. இந்தப் பெட்டியாக இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு மூன்று வாக்கியம்கூடக் கிடைத்திருக்காது.

சித்திரைவேல் சிரித்தான். "அப்போ உங்களுக்குப் பெட்டி வேண்டாம் அண்ணாச்சி, ஒரு பந்து கயிறு போதும்."

அவன் டீ குடிக்கப் போனபோது நான் சும்மா இருக்கவில்லை. இடது பக்கச் சட்டத்தை மாட்டி விரலால் போல்ட்டைத் திருகி விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆடிக்கொண்டு நின்றது. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, தம்பி. இறுக்குவதென்றால் இறுக்கு, இல்லாவிட்டால் தொடாதே. ஸ்பேனரை எடுத்து முழு பலத்தோடு இறுக்கிவிட்டேன். வந்து பார்த்தான். குறுக்குக் கம்பியை வைத்தான். ஓட்டை சேரவில்லை. ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. கம்பியைச் செய்தவன் அளவு தவறிவிட்டான், அதைத்தான் நான் சொன்னேன்.

"கம்பி சரியாத்தான் இருக்கு. நீங்க முதல் போல்ட்டையே கழுத்த நெரிச்சிட்டிய. எல்லாத்தையும் லூசா பிடிச்சு வச்சு, கடைசில ஒண்ணொண்ணா முறுக்கணும். ஒரு பக்கத்த முதல்லயே முறுக்கினா மத்தது எங்க போய்ச் சேரும்?"

"அது சமரசப் போக்கு" என்றேன்.

"போல்ட்டுக்கு என்ன அண்ணாச்சி சமரசம்!" என்று சொல்லிவிட்டு நான் இறுக்கியதைக் கழற்றினான். இரண்டு கையும் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. அந்த அளவுக்கு இறுக்கியிருந்தேன்.

மறுபடியும் போன். பாருங்கள், விடமாட்டாள். நேற்றைக்கு எங்கே போயிருந்தது இந்த அக்கறை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி மாட்டியாயிற்று. ஒரு பெட்டியில் மைக், பேட்டரி, பேனர், மழைக்கோட்டு. இன்னொரு பெட்டியில் அவளுடைய நோட்டீஸ். நோட்டீஸ் என்றால் ஒரே தாள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் நான்கு வரி. குடிதண்ணீர், நிழற்கூரை, சங்கத்தின் போன் நம்பர். அவ்வளவுதான். இதுவா பிரசுரம்? இதைப் படித்து ஒருவனுக்கு உலகம் எப்படிச் சுற்றுகிறது என்று தெரியுமா? என் புத்தகம் ரோமாபுரியில் ஆரம்பிக்கிறது. அங்கே சிப்பாய்க்கு உப்பு என்னவாக இருந்தது என்பதிலிருந்து வருகிறேன். நானூறு பிரதி. மூட்டையைப் பிரித்து அடுக்கியபோது பின்னால் கேரியரில் வைக்க அந்தக் கறுப்புப் பெட்டி வேண்டியிருந்தது. நிரம்பிவிட்டது.

ஜெனோவா ஓட்ட, நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, பட்டறை முன்னால் ஒரு சுற்று சுற்றினோம். வண்டி முன்பக்கம் தூக்குகிறது. ஹேண்டில் பார் ஆடுகிறது. திரும்புகிற இடத்தில் லாரிக்காரன் ஒருவன் எங்களைத் திட்டிவிட்டுப் போனான். இறங்கியதும் சித்திரைவேல் சொன்னான்: "பின் சக்கரத்துக்கும் பின்னால அம்புட்டு வெயிட்டும் நிக்கி. ஒண்ணு புத்தகத்தக் குறைங்க. இல்ல, பெட்டிய முன்னால தள்ளிச் சீட்டு மேல வைக்கணும். அப்போ அண்ணாச்சி உக்கார முடியாது."

ஜெனோவா என்னிடம் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "ஐயா, நூறு புத்தகம் மட்டும் எடுத்துக்கிடுவோம். மீதிய வேதாரண்யத்துக்குப் பார்சல் போட்டுரலாம். நீங்க உக்காருங்க."

"கருத்தைப் பார்சலில் அனுப்புவார்களா?" என்று கேட்டேன்.

"சரி, இருநூறு வச்சுக்கிடுவோம். மைக் பேட்டரிய நான் முதுகுல மாட்டிக்கிடுதேன்."

"ஒரு பிரதிகூடக் குறையாது."

மூன்றாவது தடவையும் கேட்டாள். நான் புத்தகக் கட்டைப் பெட்டிக்குள் இன்னும் அழுத்தி வைத்தேன். கடைசியில் அவள், "அப்போ என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க ஐயா" என்றாள். எனக்குக் கோபம். "சீட்டின் மேலேயே பெட்டியை வை" என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை மறுப்பாள் என்று நினைத்தேன். நீங்கள் இல்லாமல் பயணமா என்று ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் அப்படித்தான். நான் வரவில்லை என்பேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அவள் திரும்பி, "சித்திரண்ணே, சீட்டு மேல ப்ளேட்டு போடுங்க" என்றாள்.

அப்படித்தான் என்னைக் கழற்றி விட்டார்கள், தம்பி. திட்டம் போட்டு.

இதில் இன்னொரு அவமானம். பெட்டியைத் தாங்குகிற அந்த ப்ளேட்டை மாட்டுவதற்கு அவள் சாதாரண நட்டு வேண்டாம் என்றாள். காது வைத்த நட்டு இருக்கிறதே, கையாலேயே திருகிக் கழற்றலாமே, அதைப் போடச் சொன்னாள். "ஐயா மனசு மாறினா வழியிலயே கழட்டிட்டு ஏத்திக்கிடலாம்" என்று அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் கொள்கையைக் காது நட்டு போட்டு மாட்டிவைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்!

நான் விடவில்லை. பஸ்ஸிலேயே வருகிறேன் என்றேன். பயணத்துக்கு முன்னால் எல்லா ஊரிலும் நிற்பேன் என்றேன். பஸ் என்ன, நம் பேச்சைக் கேட்டா கிளம்புகிறது? வேம்பாருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊரில் கூட்டமே என்னைத் தாண்டி எதிர்த்திசையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் வேறு சரியில்லை. இந்தப் படிக்கட்டை யார் இவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள்? பஸ்ஸைச் செய்கிறவன் பஸ்ஸில் ஏறுவதில்லை போலிருக்கிறது.

சாயல்குடி தாண்டி ஒரு உப்பளம். அங்கே மட்டும் நேரத்துக்குப் போய்விட்டேன். உச்சிப்பொழுது. பெண்கள்தான் அதிகம். உப்பு வாருகிற வாருபலகையைப் போட்டுவிட்டு வந்து வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஜெனோவா பெட்டியைத் திறந்து என் புத்தகத்தை ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். கொடுத்தாள், அதை மறைக்கக்கூடாது. அப்போது நான் பார்த்தேன், தம்பி. அத்தனை பேரும் என் புத்தகத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்கள். ஒருவர் பாக்கியில்லை. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் இறக்கவில்லை. பார்த்தாயா, எப்படி ஏந்தி நிற்கிறார்கள் என்று ஜெனோவாவிடம் சொன்னேன். "வெயிலுக்குப் பிடிச்சிருக்காங்க ஐயா" என்கிறாள். அவளுடைய நோட்டீஸை ஒருவரும் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. அந்த எரிச்சல்.

ஒரு வயசான பெண் என் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். "லாரிக்கு முன்னால படுத்த அண்ணாச்சிதானே? நீங்க பேசலியா?" என்று கேட்டாள். "எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது தாயே" என்றேன். "எனக்குக் கண்ணு போய் அஞ்சு வருசமாச்சே" என்றாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேள் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் ஜெனோவா மறுபடியும் கேட்டாள், ஏறிக்கொள்கிறீர்களா என்று. இரண்டு காது நட்டுதான் என்றாள். நான் ராமநாதபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

பாருங்கள், மறுபடி அடிக்கிறாள். என்ன, எடுக்கச் சொல்கிறீர்களா? உங்களுக்கு அவளைத் தெரியாது. சரி, உங்களுக்காக எடுக்கிறேன். ஸ்பீக்கரில் போடுகிறேன், எனக்கு ஒரு காது மந்தம். நீங்களும் கேளுங்கள்.

"ஐயா, எங்க இருக்கிய? காலைலருந்து அடிக்கேன்."

"பஸ்ஸில் இருக்கிறேன். என்னைப் போன்றவன் வேறு எதில் இருப்பான்?"

"சண்டைய அப்புறம் போடுவோம் ஐயா. எந்த ஊரு தாண்டியிருக்கிய?"

"ஊர் தெரிந்து உனக்கு என்ன ஆகவேண்டும்?"

"அதிராம்பட்டினத்துல முதலாளி தரப்பு இன்னைக்கே பேச்சுக்கு உக்கார ஒத்துக்கிட்டாங்க. சாயங்காலம். நிழற்கூரை கட்டித் தாரோம்னு எவனும் எப்பவும் சொல்லலன்னு அவங்க மேனேஜர் சாதிக்கான். அன்னைக்கு அந்த வரப்புல நம்ம பக்கம் நின்னதுல இன்னைக்கு உசுரோட இருக்கது நீங்க ஒரு ஆளுதான்."

"புத்தகத்தைக் காட்டு."

"புத்தகத்துல அது இல்ல ஐயா."

"சரியாகப் பார்."

"தொண்ணூத்தாறு பக்கத்தையும் புரட்டிட்டேன். ரோமாபுரி இருக்கு. அதிராம்பட்டினம் இல்ல."

"அது ஒரு சிறு சம்பவம். வரலாற்றின் போக்கில்..."

"ஐயா, எனக்கு இப்போ அந்தச் சிறு சம்பவம்தான் வேணும். பஸ்ஸுல வந்தா நீங்க வந்து சேர ராத்திரி ஆயிரும். நான் தொண்டில நிக்கேன். பெட்டிய இங்க ஒரு மீன் கம்பெனில இறக்கி வச்சிட்டேன். ப்ளேட்டையும் கழட்டியாச்சு. சீட்டு காலி. உங்களுக்கு ஹெல்மெட்டும் வச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டுல இறங்குங்க, நேரா போயிரலாம்."

"மீன் கம்பெனியிலா?"

"நம்ம ஆளு கம்பெனிதான் ஐயா. மேசை மேல பத்திரமா..."

"ஐஸ் தண்ணீர் ஓடுகிற இடத்திலா என் புத்தகத்தை வைத்தாய்?"

போனை வைத்துவிட்டேன். பேச ஒன்றுமில்லை. நீங்களே கேட்டீர்கள். மீன் கம்பெனி! நாற்பது வருஷம் படித்ததை, நான்கு வருஷம் உட்கார்ந்து எழுதியதை, அயிலை மீன் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். முதலில் பெட்டிக்காக என்னை இறக்கினாள், இப்போது எனக்காகப் பெட்டியை இறக்கினாளாம். எதையாவது ஒன்றை இறக்காமல் இவர்களுக்குப் பயணம் போகத் தெரியாது.

என்ன நடந்தது என்றா கேட்கிறீர்கள்? அந்த வரப்பிலா? இருபத்தி மூன்று வருஷம் ஆகிறது. சித்திரை மாத வெயில். கரையில் குவிக்கிற அம்பாரத்துக்கு உப்பு சுமந்துகொண்டிருந்த ஒரு பெண், பேச்சிக்கனி என்று பெயர், அப்படியே பாத்திக்குள் சரிந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கே ஓடுவது? நிழல் கிடையாது. உப்பு ஏற்ற வந்த லாரி ஒன்று நின்றது, அதற்கு அடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். அந்த நேரத்தில் லாரியை எடுக்க வேண்டும் என்று டிரைவருக்கு மேலிடத்து உத்தரவு. எடுத்தால் அவள் வெயிலில் கிடப்பாள். நான் போய் முன் சக்கரத்துக்கு முன்னால் படுத்தேன். கொள்கைக்காகப் படுத்தேன் என்று பிறகு எழுதினார்கள். அந்த நிமிஷத்தில் எனக்குக் கொள்கை ஒன்றும் ஞாபகமில்லை. நிழல் போய்விடக்கூடாது என்றுதான் ஞாபகம்.

பெரிய முதலாளி காரில் வந்து இறங்கினார். ஒருவன் அவருக்குக் குடை பிடித்தான். அவர் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், வர்க்கம் வேறு. "எட்டுப் பாத்திக்கு ஒரு கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அடுத்த உப்பு வாருதலுக்கு முன்னால் கட்டித் தருகிறேன்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. "என் வார்த்தை போதாதா?" என்று அவர் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குடையை வாங்கிப் பேச்சிக்கனியின் கையில் கொடுத்தார். இப்போதைக்கு இதை வைத்துக்கொள் என்றார். மூங்கில் கைப்பிடி போட்ட குடை. அவள் அதை விரிக்கவேயில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலிலேயே நடந்து போனாள். அவளும் இப்போது இல்லை, முதலாளியும் இல்லை.

குடை பிடித்தவனா? இருக்கிறான். அப்போது கணக்குப் பார்க்க வந்த சின்னப் பையன். அவன்தான் இன்றைக்கு மேனேஜர். எவனும் எப்போதும் சொல்லவில்லை என்று சாதிக்கிறானே, அவனேதான். முதலாளி பேசுகிறபோது குடை சாய்ந்து, அதன் நிழலில் கிடந்த என் முகத்தில் வெயில் பட்டது. நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். உடனே நேராகப் பிடித்தான். நான் எதிரில் போய் உட்கார்ந்தால் போதும், அவனால் இல்லை என்று சொல்ல முடியாது. என் கண்ணைப் பார்த்து அவனால் சொல்ல முடியாது. அதை எந்தப் புத்தகத்தில் எழுத முடியும்?

என்ன சிரிக்கிறீர்கள்? நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இல்லை, போகமாட்டேன். நாற்பது வருஷத்தில் யாராவது போனில் கூப்பிட்டு நான் இறங்கிப் போனதாகச் சரித்திரம் உண்டா? மீன் கம்பெனி மேசை மேல் பெட்டி இருக்கும்போது நான் மட்டும் ஏறி உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போவேனா? அங்கே இன்னும் முந்நூறு பிரதிக்கு மேல் இருக்கும். முந்நூறு பேர் படிக்க வேண்டியது. சாயல்குடியில் எத்தனை பேர் படித்தார்கள் என்றா? அது எப்படித் தெரியும்? படிக்க நேரம் கொடுக்க வேண்டாமா?

அந்தக் கண் போன பெண் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். 'நீங்க பேசலியா' என்று. ராத்திரி முழுக்க அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மந்தக் காதில்தான் கேட்டது, அதுதான் வேடிக்கை.

அலுப்பாக இருக்கிறது, தம்பி. உட்கார்ந்தே வருகிறேன், ஆனாலும் அலுப்பாக இருக்கிறது.

இது என்ன, தொண்டியா? அதற்குள் வந்துவிட்டதா? மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள், மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், எல்லோரும் இறங்கட்டும். இவன் இங்கே டீ குடிக்க நிறுத்துவான், அவசரமில்லை.

அதோ பாருங்கள், பழக்கடைக்குப் பக்கத்தில். நீல ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். முன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வண்டியைப் பார்த்தீர்களா? மொட்டையாக நிற்கிறது. சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, மின்னுகிறது. உயரமான வண்டி. அதில் ஏறுவதற்கு என் முழங்காலுக்கு யாராவது தோள் கொடுக்க வேண்டும். கொடுப்பாள். பட்டறையில் கொடுத்தாள்.

கை தட்டிக் கூப்பிடாதீர்கள்! வேண்டாம். கையை இறக்குங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள்.

நீங்கள் அந்தப் பக்கமாகத்தானே போகவேண்டும்? போகிற வழியில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சுடரோன் இந்த பஸ்ஸில் இல்லை என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். பெட்டியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள்.

அவள் கெட்டிக்காரி. எந்த ஜன்னலில் இல்லை என்று கேட்பாள்.

பின்படியிலிருந்து மூன்றாவது என்று சொல்லுங்கள்.